டன் கணக்குல புகை... தராசு எங்கே?

மார்ச் மாசக் கணக்கை முடிச்சு, ஏப்ரல் ஆடிட்டை முடிச்சு, மே மாசம் குடும்பத்தை ஊருக்கு அனுப்பித் திரும்பக் கூட்டி வந்து, இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விடுறேன். ஆணி குறைஞ்சதும் மனசு ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்துது. இந்தத் தடவை அதைப் பத்தித்தான்.

2 கோடியே 34 லட்சம் டன்.

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்ல வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டத்துல இருக்கிற நம்பர் இது. 2019-ஆம் வருஷம் இந்த ஊர் மொத்தமா வெளியே விட்ட பசுங்குடில் வாயு இவ்வளவு. தலைக்கு 1.8 டன். இதுல பத்துக்கு ஏழு பங்கு எரிசக்திக் கணக்கு, அதாவது பெரும்பாலும் நாம போடற விளக்கு, ஃபேன், ஏ.சி. 2050-க்குள்ள இதை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும்னு திட்டம்.

நான் பி.காம். படிச்சவன். கெமிஸ்ட்ரியோட உறவு பத்தாம் வகுப்போட முடிஞ்சது. இருபது வருஷமா பேங்குல கடன் பிரிவு. இந்த நம்பரைப் பாத்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, "இதை எந்தத் தராசுல நிறுத்தாங்க?" ஆண்டாப் ஹில் முக்குல நின்னு பஸ் வாலைப் பிடிச்சு யாராவது பலூன் கட்டினாங்களா?

பதில் ரொம்ப எளிமை. யாரும் நிறுக்கலை. உலகத்துல நாம படிக்கிற உமிழ்வு நம்பர்ல பெரும்பகுதி அளந்து வந்தது இல்லை, கணக்குப் போட்டு வந்தது. எத்தனை லிட்டர் எரிச்சீங்க, எத்தனை யூனிட் கரண்ட் இழுத்தீங்க, எத்தனை டன் குப்பை கொட்டினீங்க. இது ஒரு பக்கம். ஒரு லிட்டருக்கு இவ்வளவு, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு விகிதம் இன்னொரு பக்கம். ரெண்டையும் பெருக்கினா முடிஞ்சது. வட்டி போடற மாதிரியேதான், அசல் பெருக்கல் விகிதம். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ஒரு நிம்மதி. நம்ம பாஷைதான்!

சரி, வீட்டுலேயே போட்டுப் பாப்போம்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். எங்க பில்டிங்குக்கு இன்னும் பைப் கேஸ் வரலை, சிலிண்டர்தான். ஒரு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ். விகிதத்தைப் பாத்தா, ஒரு கிலோ எரிச்சா கிட்டத்தட்ட 3 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு சிலிண்டருக்கு 42 கிலோ. 14 கிலோ உள்ளே போய் 42 கிலோ வெளியே வருது. எந்தப் பேங்குலயாவது இப்படி நடந்தா மறுநாளே விஜிலென்ஸ் வந்து நிக்கும்.

பத்தாவது படிக்கிற பொண்ணுகிட்ட கேட்டேன். தலை நிமிராமலே சொல்லிட்டா. "அப்பா, கேஸ்ல இருக்கிறது கார்பன். அது எரியறப்ப ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கும். கார்பன் 12, ஆக்ஸிஜன் ரெண்டு சேர்ந்து 32, மொத்தம் 44. அந்த 32 சிலிண்டர்லேர்ந்து வரலை, நம்ம கிச்சன் காத்துலேர்ந்து வருது."

ஓஹோ. மூணுல ரெண்டு பங்குக்கு மேல எடை காத்துலேர்ந்து வாங்கின கடன்! இதனாலதான் கார்பன் ஒரு கிலோவை 3.67-ஆல பெருக்கறாங்க. 44-ஐ 12-ஆல வகுத்தா அதுதான். (தங்கமணி அடுப்படியிலேர்ந்து, "அப்போ இன்னிக்கு வச்ச சாம்பாருக்கு எத்தனை கிலோன்னு கேளுடி"ன்னு ஒரு சவுண்டு விட்டாங்க. அதை நான் காதுல வாங்கலை.)

அடுத்து கரண்ட் பில். எங்க பக்கமெல்லாம் பெஸ்ட் சப்ளை. வருஷத்துக்கு 2,400 யூனிட் வருது. ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு புகைன்னு மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் ஒரு கணக்கு வெளியிடுது. 2023-24-க்கு யூனிட்டுக்கு 0.727 கிலோ. நாடு முழுக்க ஒரே நம்பர். முன்னாடி தெற்கு கிரிட்டுக்குத் தனி நம்பர், மத்த பகுதிக்குத் தனி நம்பர்னு இருந்துச்சு. 2013 டிசம்பர் 31-ல தெற்கு கிரிட்டும் மத்ததோட சேர்ந்து ஓட ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் எல்லாருக்கும் ஒரே விகிதம். அதனால ஆண்டாப் ஹில்ல நான் போடற ஃபேனோட புகைக் கணக்குல எங்க கயத்தாறு, முப்பந்தல் காத்தாடிக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கு. ஊர்க்காத்து இப்படியாவது வந்து சேருதே!

ஆக கரண்டுக்கு 1,745 கிலோ. வருஷத்துக்கு ஒன்பது சிலிண்டர், 378 கிலோ. வீட்டுல அம்மாவோட சேர்த்து நாலு பேர். தலைக்கு அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல. ஆனா ஊர்க் கணக்கு தலைக்கு 1.8 டன்னு சொல்லுதே, மீதி எங்கே? என் ஆபீஸ் ஏ.சி.யில, ஆஸ்பத்திரி லிஃப்ட்ல, மால்ல, டாக்ஸியில, தேவ்னார்ல கொட்டின என் குப்பையில இருக்கு. எதிர் பக்கம் குடிசையில ஒரு பல்பு, ஒரு ஃபேனோட இருக்கிறவர் தலையிலயும் அதே 1.8-தான் எழுதியிருக்கு. சராசரி என்கிறது இப்படித்தான். பணக்காரக் கஸ்டமர் நாலு பேரோட டெபாசிட்டைக் காட்டி, "எங்க கிளையில தலைக்கு இத்தனை லட்சம்"னு பெருமை பேசற கதை.

எங்க மொட்டை மாடியிலேர்ந்து கிழக்கே பாத்தா மாஹுல், டிராம்பே பக்கத்துப் புகைபோக்கி தெரியும். 2014-ல செம்பூர்லேர்ந்து வடாலாவுக்கு மோனோ ரயில் விட்டப்ப ஸ்டேஷன் பேரைப் படிச்சு நான் சிரிச்சேன். பாரத் பெட்ரோலியம், ஃபெர்டிலைசர் டவுன்ஷிப். உமிழ்வுப் பட்டியலையே ஸ்டேஷன் பேரா வச்சிருக்காங்க! அந்தப் பக்கம்தான் டாடா பவரோட டிராம்பே அனல் மின் நிலையமும். 1984-ல இந்தியாவோட முதல் 500 மெகாவாட் யூனிட் ஓடினது அங்கேதான். பெஸ்ட் விக்கிற மின்சாரத்துல பெரும்பகுதி டாடா பவர்கிட்ட வாங்கறது.

இப்ப ஒரு கணக்காளர் கேள்வி. டிராம்பேயில எரியற நிலக்கரிப் புகை யார் கணக்கு? மின் நிலையம் ஊர் எல்லைக்குள்ளே இருக்கு. அது தர்ற கரண்டை எரிக்கிறவனும் ஊருக்குள்ளே இருக்கான். ரெண்டு பக்கமும் எழுதினா ஒரே புகையை ரெண்டு தடவை எண்ணினதா ஆகும். நகரங்களுக்குன்னு உலக அளவுல ஒரு கணக்கு முறை இருக்கு. அதன்படி கிரிட்டுக்கு விக்கிற மின்சாரத்தோட புகையைத் தனியா ஒரு வரியில காட்டணும், மொத்தத்துல கூட்டக் கூடாது. மொத்தத்துக்கு என் மீட்டர் வழியாத்தான் வரும். கண்ணுக்கு நேரே தெரியற புகைபோக்கி கணக்குல பக்கவாட்டுக் குறிப்பா நிக்குது, கண்ணுக்குத் தெரியாத என் மீட்டர் நடுவுல நிக்குது. முதல்ல எனக்கு இது பிடிக்கலை. யோசிச்சா சரிதான். கொங்கண் ரயில்வே முழுக்க மின்மயம் ஆனது 2022-ல. இஞ்சின் புகை விடலை, வாஸ்தவம். எங்கேயோ ஒரு அனல் நிலையம் அதுக்காக விடுது. கரண்ட் இழுக்கறவன் கணக்குல எழுதலைன்னா யாருமே எழுத மாட்டாங்க.

அப்புறம் அந்த 'இணை' விவகாரம். அறிக்கையில எல்லாம் 'கரியமில வாயுவுக்கு இணையான டன்'னு போட்டிருப்பாங்க. மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு, ஏ.சி.யில ஊத்தற வாயுன்னு ஏகப்பட்ட சரக்கு. எல்லாத்தையும் ஒரே கரன்சிக்கு மாத்தணும். துபாய்லேர்ந்து திர்ஹாம் வருது, சிங்கப்பூர்லேர்ந்து டாலர் வருது, நாம ரூபாயில வரவு வைக்கிறோம் இல்லையா, அதே கதை. ஒரு டன் மீத்தேன் நூறு வருஷத்துல செய்யற சூடு, 28 டன் கரியமில வாயு செய்யற சூட்டுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்ஸைடு 270 மடங்குக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.

இந்த ரேட்டும் மாறும். ஐ.நா.வோட விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி. மீத்தேனுக்கு 1995-ல சொன்னது 21, 2007-ல 25, 2013-ல 28. மீத்தேன் அப்படியேதான் இருக்கு, நாம அதைப் புரிஞ்சுக்கிட்டதுதான் கூடிப்போச்சு. நூறு வருஷத்துக்குப் பதிலா இருபது வருஷக் கணக்குல பாத்தா 80-க்கு மேல போகும். ஏன்னா மீத்தேன் காத்துல பன்னெண்டு வருஷம் மாதிரிதான் தங்கும், இருக்கிற வரைக்கும் ஆட்டம் ஜாஸ்தி. எந்த ரேட்டு, எந்தக் காலம்னு கேக்காம யார் சொல்ற 'இணை' டன்னையும் நம்பாதீங்க. ரேட்டுப் போடாத ரெமிட்டன்ஸ் சீட்டு அது.

இதெல்லாம் எனக்கு எதுக்குன்னா, இப்ப எங்க வேலையிலயே இது வந்து உக்காந்திருக்கு. பங்குச் சந்தையில முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23-லேர்ந்து இந்த மாதிரி விவரமெல்லாம் சொல்லியாகணும்னு செபி வச்சிருச்சு. பேங்குகளும் பருவநிலை ஆபத்துகளை வெளிப்படையாச் சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் 2024 பிப்ரவரியில ஒரு வரைவு விட்டது. அதுல ஒரு தலைவலி, 'நீ கொடுத்த கடன் எவ்வளவு புகையை உண்டாக்குச்சு?' கணக்கு என்னவோ சுலபம். ஒரு யூனிட்டோட மொத்த முதலும் கடனும் 10 கோடி, அதுல நம்ம பாக்கி 4 கோடின்னா, அவங்க புகையில நாப்பது சதவீதம் நம்ம புகை. ஆனா அவங்க புகையே எவ்வளவுன்னு தெரியணுமே? அதுக்கு 1-லேர்ந்து 5 வரைக்கும் தர மார்க் உண்டு. 1-னா சரிபார்த்த கணக்கு. 5-னா, இந்தத் தொழில்ல பொதுவா இவ்வளவு இருக்கும்னு குத்துமதிப்பு. சின்னக் கடன்ல பெரும்பாலும் 5-தான் மக்களே. 5 வாங்கின கணக்கைத் தசம ஸ்தானம் ரெண்டு வரைக்கும் எழுதிக் கொடுக்கறப்ப எனக்குக் கை கூசும்.

ஒரே ஒருத்தர் மட்டும் அசத்தினார். வடாலா டிரக் டெர்மினல் பக்கத்துல லாரி வச்சிருக்கிற நாமக்கல்காரர். டீசல் பில் இருக்கான்னு கேட்டேன். ரெக்ஸின் பை நிறைய கொண்டாந்து கொட்டினார். "ஒவ்வொரு வண்டியும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுதுன்னு மனசுலயே இருக்குதுங்க சார். கால் கிலோமீட்டர் குறைஞ்சாலும் டிரைவர்கிட்ட கேட்டுப்போடுவனுங்க"ன்னார். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கரியமில வாயு. பில்லைக் கூட்டி, பெருக்கி, பத்தே நிமிஷத்துல வேலை முடிஞ்சது. புவி வெப்பத்தைப் பத்தி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது, டீசல் திருட்டைப் பத்தித்தான் கவலை. ஆனா நான் இதுவரைக்கும் பாத்த உமிழ்வுக் கணக்குலயே சுத்தமானது அவரோடதுதான்.

இப்ப விஷயத்தோட கழுத்துக்கு வருவோம். பேங்குல சாயங்காலம் புத்தகத்துல ரொக்க இருப்பு இவ்வளவுன்னு வரும். அதோட விட்டுட மாட்டோம். பெட்டகத்தைத் திறந்து கட்டை எண்ணுவோம். அப்பப்ப முன்னறிவிப்பு இல்லாம மேலேருந்து ஒருத்தர் வந்தும் எண்ணுவார். உமிழ்வுக் கணக்குல ரொம்பக் காலமா புத்தகம் மட்டும்தான் இருந்துச்சு. பெட்டகம் எங்கே? தலைக்கு மேலே இருக்கிற காத்துதான் பெட்டகம்.

காத்தை எண்ணினவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1958-ல ஹவாய்த் தீவுல மௌனா லோவா மலை மேலே. அப்ப பத்து லட்சம் பங்கு காத்துல 315 பங்கு கரியமில வாயு. 2024-ஓட சராசரி 424-க்கும் மேலே. இது விகிதம் போட்டுப் பெருக்கினது இல்லை, நேரா அளந்தது. நம்ம பக்கமும் உண்டு. லடாக்ல ஹன்லே, அந்தமான்ல போர்ட் பிளேர், அப்புறம் நம்ம பாண்டிச்சேரி. மூணு இடத்துலயும் குடுவையில காத்தைப் பிடிச்சு அனுப்பி வருஷக்கணக்கா அளந்திருக்காங்க.

இப்ப சாட்டிலைட்டும் எண்ணுது. 2022 ஆகஸ்ட்ல 'சயின்ஸ் அட்வான்சஸ்' பத்திரிகையில ஒரு ஆய்வு வந்தது. பியூனஸ் அயர்ஸ், டெல்லி, லாகூர், மும்பை. நாலு ஊரோட மீத்தேனையும் வானத்துலேர்ந்து பாத்திருக்காங்க. பொதுவாப் புழங்குற கணக்குப் பட்டியல்ல இருக்கிறதை விட 1.4 மடங்குலேர்ந்து 2.6 மடங்கு வரைக்கும் அதிகம்! மும்பையில ஒரே ஒரு குப்பைமேடு மணிக்குச் சுமார் 9.8 டன் மீத்தேன் விட்டுக்கிட்டிருந்துச்சு. வருஷம் பூரா அதே வேகம்னு வச்சுக்கிட்டு 28-ஆல பெருக்கினா 24 லட்சம் டன் வருது. ஊர் மொத்தத்துக்கும் எழுதின 2 கோடியே 34 லட்சத்துல பத்துல ஒரு பங்கு, ஒரே ஒரு குப்பைமேடு.

சாட்டிலைட் பக்கமும் ஒரு நியாயம் சொல்லணும். அது எப்பவாவது ஒரு நாள் பகல்ல தாண்டிப் போறப்ப எடுக்கிற போட்டோதான். மேகம் இருந்தா கண்ணு தெரியாது, நம்ம மும்பை மழைக்காலத்துல அம்போ. அதனால அது சொல்றதுதான் வேதம்னு நான் சொல்ல வரலை. ஆனா குப்பைக்குப் புத்தகக் கணக்கு எப்படிப் போடறாங்கன்னா, இத்தனை டன் கொட்டினோம், அதுல மக்குறது இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு வேகத்துல மக்கும்னு ஒரு சூத்திரம். 1927-லேர்ந்து கொட்டிக்கிட்டிருக்கிற தேவ்னார் மேட்டுக்குள்ளே என்ன இருக்குன்னு எந்தச் சூத்திரத்துக்குத் தெரியும்? 2016 ஜனவரியில அது பத்திக்கிட்டு எரிஞ்சப்ப ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருந்தோம், செம்பூர்ல இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே மீத்தேன் இருக்குன்னு சொல்ல அன்னிக்கு சாட்டிலைட் தேவைப்படலை.

எல்லாமே தப்பாத்தான் இருக்கும்னும் நினைச்சுடாதீங்க. 2017-ல அனிதா கணேசன்னு ஒரு விஞ்ஞானி தலைமையில இந்தியா மொத்தத்துக்கும் இதே மாதிரி ரொக்கம் எண்ணினாங்க. தரையில அளந்தது, விமானத்துல அளந்தது, சாட்டிலைட் பாத்தது எல்லாத்தையும் சேர்த்து. 2010-லேர்ந்து 2015 வரைக்கும் வருஷத்துக்குச் சராசரி 2 கோடியே 20 லட்சம் டன் மீத்தேன். இந்திய அரசாங்கம் ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்த கணக்கோட ஒத்துப்போச்சு. டேலி! இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ஒரு தனி சந்தோஷம். என்ன, நம்ம நாட்டுக் கணக்கு கொஞ்சம் மெதுவா வரும். 2020-க்கான கணக்கு, 296 கோடி டன், 2024 டிசம்பர் கடைசியிலதான் தாக்கல் ஆச்சு. நாலு வருஷம் கழிச்சு பேலன்ஸ் ஷீட் கொண்டு வர்ற கஸ்டமருக்கு நான் லிமிட்டைப் புதுப்பிக்க மாட்டேன். அது வேற விஷயம்.

இந்த டேலி சும்மா வந்துடலை. அதுக்குப் பின்னால ஒரு பழைய சண்டை இருக்கு, அதுவும் நாம தின்கிற சோத்தைப் பத்தி.

1990-91 வாக்குல வெளிநாட்டு அறிக்கைகள்ல, உலகம் சூடாகறதுக்கு இந்தியா, சீனா மாதிரி நாடுகளும் பெரிய காரணம்னு எழுத ஆரம்பிச்சாங்க. நெல்வயலும் மாடும் விடற மீத்தேன் அதுல முக்கியமான சாட்சி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோட கணக்குப்படி இந்திய நெல்வயல் மட்டும் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுதுன்னு இருந்துச்சு. மேல்நாட்டு வயல்ல எடுத்த விகிதத்தை நம்ம பரப்பளவோட பெருக்கினா வர்ற நம்பர். டெல்லியில அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-லயே இந்த மாதிரிக் கணக்கைக் கிழிச்சு எழுதினாங்க. வயித்துக்கு நெல்லு போடறவன் மீத்தேனையும், உல்லாசத்துக்குக் கார் ஓட்டறவன் புகையையும் ஒரே தட்டுல வைக்காதேன்னு.

ஏ.பி. மித்ரா வேற வழியில போனார். தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட விஞ்ஞானி. 1991-ல நாட்டுல பல இடத்துல நெல்வயல்ல பெட்டியைக் கவுத்தி அளக்க ஏற்பாடு பண்ணினார். நெல்லுத் தூருக்கு மேலே ஒரு கண்ணாடி மாதிரிப் பெட்டி, ஊசியில உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சி, ஆய்வகத்துல மீத்தேன் எவ்வளவுன்னு பாக்கிறது. வந்த விடை சுமார் 40 லட்சம் டன். 378 லட்சம் எங்கே, 40 லட்சம் எங்கே! காரணம், நம்ம வயல் எல்லாம் விதைச்சதுலேர்ந்து அறுப்பு வரைக்கும் தண்ணியில மூழ்கிக் கிடக்கிறது இல்லை. பாதிக்கு மேல மானாவாரி, விட்டு விட்டுத் தண்ணி. காத்துப் படாம மண்ணு மூழ்கிக் கிடந்தாத்தான் மீத்தேன் உண்டாகற கிருமிக்கு வாழ்வு. வயல் காய்ஞ்சா அதோட வேலை நின்னு போகும்.

இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருந்தது எதுக்குப் பயன்பட்டுதுன்னா, இந்த ஜூலையில சித்தப்பா ஊர்லேர்ந்து போன் பண்ணினார். கல்லிடைக்குறிச்சி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஒன்றரை ஏக்கர்.

"ஏய், நீ பேங்குலதானடே இருக்கே. இங்கன ஒருத்தன் பேப்பர் கொண்டாந்திருக்கான். வயலு மூச்சு விடுறதைக் குறைச்சா துட்டு தாராங்களாம்லா. கையெழுத்துப் போடலாமாடே?"

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கார்பன் கிரெடிட் ஒப்பந்தம். பதிமூணு பக்கமும் இங்கிலீஷ். வயல்ல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு நடுவாங்க. தண்ணி மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கின பிறகுதான் மறுபடி பாய்ச்சணும். அதாவது நம்ம விவசாய ஆபீசருங்க சொல்லுவாங்களே, காய்ச்சலும் பாய்ச்சலும், அதேதான். மிச்சமாகற மீத்தேனைக் கிரெடிட்டா மாத்தி விப்பாங்க, பங்கு தருவாங்க. எத்தனை பங்குன்னு இடம் காலியா இருந்துச்சு. பல வருஷத்துக்கு அந்த வயலோட கார்பன் உரிமை பூரா அவங்களுக்கு, அது மட்டும் தெளிவா அச்சடிச்சிருந்துச்சு.

ராத்திரி சாப்பிட்டுட்டுக் கணக்குப் போட்டேன். ஐ.பி.சி.சி. 2019-ல திருத்தினபடி, தெற்காசியாவுல விடாம மூழ்கிக் கிடக்கிற வயலுக்குச் சராசரி விகிதம் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் பயிர், ஒரு ஏக்கர்னா 38 கிலோ. பல தடவை காயப்போட்டா அது 0.55 பங்கா குறையும். மிச்சம் 17 கிலோ. 28-ஆல பெருக்கு, கிட்டத்தட்ட அரை டன். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு அரைக் கிரெடிட். ஒரு கிரெடிட் பத்து டாலருக்கு வித்தா, ஏக்கருக்கு அஞ்சு டாலர். அதுலதான் சித்தப்பாவுக்குப் பங்கு.

பணம் கம்மிங்கறது கூடப் பரவாயில்லை. என்னை உறுத்தினது அந்த 'விடாம மூழ்கிக் கிடக்கிற' என்கிற வார்த்தை. சித்தப்பாகிட்டயே கேட்டேன், "சித்தப்பா, நம்ம வயல்ல எப்பவும் தண்ணி நிக்குமா?"

"நல்லா கேட்ட போ. பாபநாசம் அணையில தொறந்து விட்டாத்தானடே வாய்க்கால்ல வரும். முறை வச்சுல்லா விடுதான். கார்ல பாதி நாளு வெடிப்பு விட்டுத்தான் கெடக்கும்."

அப்போ வயல் ஏற்கெனவே காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் இருக்கு. காகிதத்துல மட்டும் மூழ்கிக் கிடக்கு. மூழ்கினதா எழுதினாத்தான் காயப்போட்டதா எழுத முடியும், மிச்சம்னு ஒண்ணை விக்க முடியும். 1991-ல நம்மளைக் குத்தம் சொல்றதுக்கு வயல்ல தண்ணியை நிறுத்தினாங்க. இப்ப நமக்குத் துட்டு தர்றதுக்கு அதே தண்ணியை நிறுத்தறாங்க. ரெண்டு தடவையும் வரப்புல வந்து பாத்தவங்க யாரும் இல்லை. இதை வாங்கப் போற ஏதோ ஒரு கம்பெனி, இதைக் காட்டித் தன் புகையைக் கழிச்சுக்கும். அந்தப் புகை மட்டும் நிஜம். நல்லபடியா அளந்து, ஒழுங்கா நடத்தற திட்டமும் இருக்கலாம். டெல்டாவுல மோட்டார் வச்சு வருஷம் பூரா தண்ணி கட்டற வயலுக்கு இந்த முறை உண்மையிலேயே மீத்தேனையும் கரண்டையும் மிச்சம் பண்ணும். சித்தப்பா வயலுக்கு அது பொருந்தாது.

அவர்கிட்ட மூணு விஷயம் கேக்கச் சொன்னேன். இந்த வயல்ல இதுக்கு முன்னாடி எத்தனை நாள் தண்ணி நின்னுதுன்னு யார் பாத்து எழுதினது? பெட்டி வச்சு அளப்பீங்களா, இல்லை சராசரியா? தமிழ்ல ஒரு காப்பி தருவீங்களா? அந்தப் பையன் மூணாவதுக்கு மட்டும் சரின்னானாம். மத்த ரெண்டுக்கும் ஆபீஸ்ல கேட்டுட்டு வாரேன்னு போனவன், பிசானத்துக்கு வருவான் போல.

சித்தப்பா சும்மா இருக்கலை. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுத ஆரம்பிச்சிருக்கார். 'தண்ணி நின்னது', 'ஈரம்', 'வெடிப்பு'. சித்தி அதைச் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வைக்கிறாங்களாம். போன ஞாயித்துக்கிழமை எண்ணிச் சொன்னார். இருபத்தி மூணு தாள். அதுல ஒன்பதுல 'வெடிப்பு'.